போனில் இறந்துபோன சடையண்ணன்

உங்கள் பயிற்சி வகுப்பில் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நான் பேச ஆரம்பித்துச் சூடு பிடிக்கிற சமயத்தில் டீயும் போண்டாவும் வந்துவிட்டன. போண்டாவுக்கு முன்னால் நான் எம்மாத்திரம்? அத்தனை பேரும் எழுந்து போய்விட்டீர்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் கையில் தட்டோடு திரும்பி வந்து, "அந்தச் செத்தவர் கதை என்னாச்சுங்க மேடம்?" என்று கேட்டாள். அவளுக்காகத்தான் இதை எழுதித் தருகிறேன். மற்றவர்கள் ஓசியில் படித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்தது புற்றுநோய்ப் பதிவகத்தின் ஃபாலோ-அப் பிரிவில். இப்போது நீங்கள் சேர்ந்திருக்கிற அதே பிரிவு. அது என்ன வேலை என்று என் மாமியார் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். "வைத்தியம் முடிஞ்சு ஊட்டுக்குப் போன நோயாளிங்க எப்பிடி இருக்காங்கன்னு விசாரிக்கறதுங்க அத்தை" என்பேன். "அதுக்குப் போய்ச் சம்பளம் குடுக்கறாங்களா? நானெல்லாம் சும்மாவே விசாரிப்பனே" என்பார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நம் வேலை, ஊர் நலம் விசாரிக்கிற வேலைதான். ஒரே வித்தியாசம், ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை நாம் உறுதியாகத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

எங்கள் பெரிய டாக்டருக்கு ஒரு நோயின் மேல் தனிக் கவனம். சிறுகுடலில் வருகிற ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் அது. மிக அபூர்வம். வாய்ப் புற்றுநோய்க்கு நிற்கிற வரிசை இதற்குக் கிடையாது. முன்பெல்லாம் இந்த நோய் வந்தவர்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள், புது மருந்துகள் வந்த பிறகு எவ்வளவு காலம் இருக்கிறார்கள் என்று அவர் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடு படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போகும். ஒருவர் இறந்தால் ஒரு படி. கூட்டம் பெரிதாக இருந்தால் ஒரு படி கண்ணுக்கே தெரியாது. எங்களிடம் இருந்ததோ விரல்விட்டு எண்ணுகிற கூட்டம். ஒருவர் போனால் கோடு தொபுக்கென்று விழும், டாக்டரின் முகமும் சேர்ந்து விழும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் சடையண்ணன். கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். மிளகுக் கொடியும் மரவள்ளியும் நாலைந்து பலா மரமும் வைத்துப் பிழைக்கிறவர். குடலில் கட்டி என்று வந்து, ஆபரேஷன் ஆகி, மருந்தெல்லாம் ஏற்றி, நன்றாகத் தேறிப் போனார். கொஞ்ச காலம் ஒழுங்காகச் செக்கப்புக்கு வந்தார். பிறகு நின்றுவிட்டார்.

வராதவர்களுக்குப் போன் செய்கிற வேலை தேன்மொழியுடையது. அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த பெண். தேன்மொழி மாதம் தவறாமல் அவரைக் கூப்பிடுவாள். அவரும் ஒவ்வொரு முறையும் முதலில், "சாப்டியா கண்ணு?" என்பார். பிறகு, "அடுத்த மாசம் கண்டிப்பா வாரேன்" என்பார். வரமாட்டார். ஒரு நாள் அவள் வழக்கம்போலக் கூப்பிட்டிருக்கிறாள். குரலை மாற்றிக்கொண்டு, தொண்டையில் கோழி மாட்டிக்கொண்ட மாதிரி ஒருவர் பேசியிருக்கிறார்.

"அவரு செத்துப் போயிட்டாருங்க."

"ஐயோ! எப்பங்க?"

"வெள்ளிக்கெழம."

"எந்த வெள்ளிங்க?"

கொஞ்ச நேரம் யோசனை. "அதாங்க, இந்த நல்ல வெள்ளிக்கெழமையா ஒண்ணு வந்துச்சில்ல, அது."

"நீங்க யாருங்க பேசறது?"

"நானுங்களா? நான் அவருக்குத் தம்பி மொறைங்க."

தேன்மொழி, "ரொம்ப வருத்தமா இருக்குதுங்க" என்று சொல்லி அழுதே விட்டாள். அந்தத் தம்பி முறைக்காரர் பதறிப்போய், "ஏய், அழுவாத கண்ணு. அவரு ஒண்ணும் கஷ்டப்பட்டுச் சாவல. நீ சாப்டியா?" என்று கேட்டிருக்கிறார். அழுகையில் இருந்தவளுக்கு அது உறைக்கவில்லை. கணினியில் 'இறப்பு' என்று பதிந்துவிட்டு, மத்தியானச் சோற்றையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். போனில் சொன்ன சாவை வைத்துக்கொண்டு அவர் கோட்டை இறக்க மாட்டார். "நோயால இறந்தாரா, மரத்துல இருந்து விழுந்து இறந்தாரா? தெரிஞ்சாகணும். நேர்ல போய் விசாரிச்சிட்டு வாங்கம்மா" என்றார். இறப்புக் காரணம் எழுதுகிற படிவங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நான் கிளம்பினேன்.

இங்கே என்னைப் பற்றி ஒரு தகவல் சொல்லியாக வேண்டும். எனக்குப் பஸ்ஸில் குமட்டியதே கிடையாது. காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வண்டியில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். நான் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டே, வளைவுக்கு வளைவு அவர்களை இளக்காரமாகத் திரும்பிப் பார்ப்பேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து சடையண்ணன் வீட்டுக்குக் காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஒரு நடை. நடந்துகொண்டே துக்க முகத்தைத் தயார்செய்தேன். உங்களில் பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். சாவு நடந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால் யாரும் "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். நாமும் கும்பிடு போட்டுச் சிரிக்கக் கூடாது. நேராக உள்ளே போய், கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். இந்த முறையெல்லாம் எனக்கு அத்துப்படி. எத்தனை வீடு பார்த்திருக்கிறேன்!

சடையண்ணன் மனைவி நல்லம்மா வாசலில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் தாலி. பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பரவாயில்லையே, மலைமேலும் முற்போக்கு வந்துவிட்டது, பழைய வழக்கத்தையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டார்களே என்று உள்ளுக்குள் பாராட்டிக்கொண்டேன். பாராட்டிய கையோடு போய் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, இப்பிடி ஆயிப்போச்சே!" என்று விம்மினேன்.

நல்லம்மா என்னை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார். முகம் தெரியும். அதனால் என் அழுகையைப் பார்த்ததும் அவர் நினைப்பு வேறு பக்கம் ஓடிவிட்டது. கீழே ராசிபுரம் பக்கம் அவர் அண்ணன் உடம்புக்கு முடியாமல் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்காரி அழுதுகொண்டு வந்தால் வேறு என்ன அர்த்தம்?

"ஐயோ, எங்கண்ணா!" என்று அலறினார்.

துக்கத்தில் புருஷனையே அண்ணன் என்கிறாரே, பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து நான் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் யார் எவர் என்று கேட்கவில்லை, முதலில் அழுதார்கள். கேள்வி கேட்பதெல்லாம் அப்புறம்தான். ஒரு பெரியம்மா மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "எப்ப எடுக்கறாங்களாம்?" என்றார். எனக்கோ குழப்பம். "இன்னுமா எடுக்கலை?" என்றேன்.

அந்த நேரத்தில் வீட்டின் பின்பக்கத்திலிருந்து, ஒரு கையில் தண்ணீர்ச் சொம்போடு, மறு கையால் வயிற்றைப் பிடித்தபடி சடையண்ணன் வந்தார்.

"ஏனுங்க, யாரு செத்தது?"

"நீங்கதாண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் என்னைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். மெதுவாகச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, திருட்டு மாங்காய் தின்று அகப்பட்ட பிள்ளை மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நடந்தது எல்லாருக்கும் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் நல்லம்மா எழுந்த எழுச்சி இருக்கிறதே, அப்பப்பா! கோபத்திலும் அந்த ஊர் 'ங்க' மட்டும் போகவில்லை.

"ஏனுங்க, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப என்னைய முண்டச்சி ஆக்கிப்போட்டீங்களே! அதும் போன்லயே! என்ற தாலி உங்களுக்கு என்ன வெளையாட்டுச் சாமானுங்களா?"

"இல்ல புள்ள, அந்தக் கண்ணு மாசாமாசம் கூப்புடுது..."

"கூப்புட்டாப் போக வேண்டீதுதானுங்க! அதுக்குச் சாவறதா?"

சடையண்ணன் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "அம்மணி, அந்தப் புள்ள அத்தன அன்பாக் கூப்புடுது. முடியாதுன்னு சொல்ல மனசு வரல. செத்துட்டேன்னு சொல்றது கொஞ்சம் சுளுவா இருந்துச்சுங்க."

ஏன் வர முடியாது? இந்தக் கேள்விக்கு எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தோம். நோயைக் கண்டு பயம் என்றார் ஒருவர். கோயிலை நம்பி நிறுத்திவிட்டார் என்றார் இன்னொருவர். விழிப்புணர்வு இல்லை என்று ஒருவர் கூட்டத்தில் படமே போட்டுக் காட்டினார். உண்மைக் காரணம், அந்த வளைவுகள். வைத்தியம் நடந்த காலத்தில் ஆஸ்பத்திரி வண்டியில் படுத்தபடியே போய் வந்ததால் தெரியவில்லை. செக்கப்புக்கு என்று பஸ் ஏறிய பிறகுதான் வினை. ஒவ்வொரு முறையும் வாந்தி. கடைசி முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், மகளைக் கொடுத்த வீட்டுச் சம்பந்தி. ஒரு கல்யாணத்துக்காகப் பட்டுக்கரை வேட்டி கட்டி வந்திருந்தார். ஏதோ ஒரு வளைவில், முன்னறிவிப்பு இல்லாமல், சடையண்ணனின் காலைக் களி முழுவதும் அந்த வேட்டியில்.

"சம்மந்தி ஒரு வார்த்த பேசலீங்க அம்மணி. பேசியிருந்தாக்கூடத் தேவலை. அப்பிடியே சன்னலப் பாத்துட்டு வந்தாரு" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மிளகு பறிக்க அத்தனை உயர மரத்தில் சர்வசாதாரணமாக ஏறுகிற மனிதர், புற்றுநோயைப் பார்த்துக் கலங்காத மனிதர், சம்பந்தியின் வேட்டியில் உடைந்து போயிருக்கிறார். இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? நான் எழுதவில்லை. சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துப் பெண்களும் சிரித்தார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார், கோடு விழாது, டாக்டரிடம் சொல்லலாம், தேன்மொழி சோறு தின்பாள் என்று எனக்கு ஒரே குஷி.

நல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க சிரிக்கறீங்க அம்மணி. இவரு நேத்து பஸ்ஸே ஏறல. அப்பவும் வாந்தி எடுத்துட்டுத்தான் கெடக்கறாரு" என்றார்.

"பஸ்ஸ நெனச்சாலே வருது புள்ள" என்றார் சடையண்ணன்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. நான் டாக்டர் இல்லை. ஆனால் பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று இத்தனை வருஷம் காது கொடுத்திருக்கிறேன். குடலில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனவர் வாந்தி எடுத்தால் மூன்று விஷயம் கேள் என்று அவர் சொல்லியிருக்கிறார். வயிறு ஊதியிருக்கிறதா? வலி அலை அலையாக வந்து போகிறதா? சட்டையைத் தூக்கச் சொன்னேன். வயிறு தவில் மாதிரி விறைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வலி வந்து அவரைச் சுருட்டி விட்டது. மூன்றாவது கேள்வியை அத்தனை பெண்களுக்கு நடுவில் கேட்டாக வேண்டும். கேட்டேன்.

"அண்ணா, காத்துப் பிரியுதுங்களா?"

சடையண்ணன் வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நல்லம்மாதான் பதில் சொன்னார்: "நேத்துலருந்து ஒரு சத்தமும் இல்லீங்க. ஊடே அமைதியா இருக்குது."

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். எனக்கு மட்டும் விளங்கிவிட்டது. குடல் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது. இப்படியே விட்டால் வெடித்துவிடும். என் போனுக்குச் சிக்னல் கிடைக்க ஒரு பாறைமேல் ஏற வேண்டும் என்றார்கள். ஏறினேன்.

"ஐயா, சடையன் உயிரோட இருக்காருங்க. ஆனா குடல் அடைச்சிருக்குதுங்க போல."

"எந்தச் சடையன்?"

"செத்துப்போன சடையனுங்க."

வயிறு எப்படி இருக்கிறது, வாந்தி எப்போதிலிருந்து என்று கேட்டார். பிறகு அவர் குரலே மாறிவிட்டது. "தண்ணிகூடக் குடுக்காதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க. நாளைக்குன்னு தள்ளிப்போட்டா ஆள் இருக்க மாட்டார்."

ஆம்புலன்ஸ் அப்போதுதான் ஒரு பிரசவக் கேசை ஏற்றிக்கொண்டு இறங்கியிருந்தது. திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். அடுத்த பஸ்ஸுக்கும் நேரம் இருந்தது. சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ஒரு சரக்கு வேன் கிளம்பத் தயாராக நின்றது. ஓட்டுகிறவர் அந்த ஊர்க்காரர்தான், சடையண்ணனை மாமா என்று கூப்பிடுகிறவர். வண்டி கிடைத்துவிட்டது. ஏற வேண்டிய ஆள்தான் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நான் வல்லீங்க. எனக்கு இந்த வாந்தியே போதும், அந்த வாந்தி வேண்டாம். இங்கயே செத்தாலும் சாவறன்."

நானும் கெஞ்சிப் பார்த்தேன். அதட்டிப் பார்த்தேன். "அண்ணா, இது பஸ் வாந்தி இல்லீங்க, குடல் அடைப்பு. இன்னைக்குப் போகலைன்னா உசுரு போயிரும்" என்று உள்ளதைச் சொன்னேன். அசையவில்லை. நல்லம்மா மாற்றுத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்து ஒரே போடு போட்டார்.

"நீங்கதான் போன்லயே செத்துட்டீங்களே! செத்தவருக்கு வாந்தி வந்தா என்ன, பேதி வந்தா என்ன? ஏறுங்க வண்டில!"

தூணை விட்டார். வண்டிக்குப் பக்கத்தில் வந்து மறுபடி நின்றார். அப்போதுதான் அந்த வேன்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "மாமா, ஒரு சிக்கலு. ஹாரன் போயிருச்சு. வளைவுல எதுத்தாப்பல வண்டி வந்தா மோதிக்குவோம். நீங்க முன்னால ஒக்காந்து, ரோட்ட விட்டுக் கண்ண எடுக்காம, ஒவ்வொரு வளைவுக்கும் சத்தம் போடோணும். உங்களாட்டம் தொண்டை யாருக்கு இருக்குது?" என்றார்.

சடையண்ணன் நிமிர்ந்து நின்றார். தோட்டத்தில் குரங்கு விரட்டி விரட்டி உரமேறிய தொண்டை அது. "ஹாரன் இல்லாமயா வண்டி ஓட்டறே? அறிவிருக்குதா?" என்று அவரைத் திட்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டார். நல்லம்மா நடுவில் நெருக்கிக்கொண்டார். முன்னால் அதற்குமேல் இடம் இல்லை. எனக்குக் கிடைத்தது பின்னால், பலாப்பழங்களுக்கு நடுவில், போகிற பாதைக்கு முதுகைக் காட்டி உட்காருகிற இடம்.

முதல் வளைவு வந்தது. "ஓஓஓய்! வண்டி வருதுடோவ்!" என்று ஒரு சத்தம். மலையே திரும்பச் சொன்னது. அடுத்த வளைவு. "ஓஓஓய்!" நடுநடுவே வலி வந்தால் அவர் சுருண்டுகொள்வார், அந்த வளைவை நல்லம்மா கத்திக் கடத்துவார். வலி விட்டதும் மறுபடி அவர். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டது. வேன்காரர் பதற்றத்தில், பழக்க தோஷத்தில், ஹாரனை ஓங்கி அழுத்திவிட்டார். பாம் என்று பிரமாதமாக அடித்தது.

"அடிக்குதே!" என்றார் சடையண்ணன்.

"இப்பத்தானுங்க மாமா சரியாச்சு" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை அழுத்துகிற மாதிரி நடித்து, "அடடா, மறுபடியும் போயிருச்சு!" என்றார். ஓட்டுகிறவனுக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கும் வளைவில் குமட்டாது என்பது வேன்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாம். கீழே வந்த பிறகு என்னிடம் சொன்னார். முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் பின்னால் என் நிலைமை வேறு. பழுத்த பலாவின் வாசம். வண்டி திரும்பும்போதெல்லாம் ஒரு பழம் உருண்டு வந்து விலாவில் இடிக்கும். பாதை எனக்கு எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. காலையில் தின்ற கடலைமிட்டாய் மெல்ல மெல்லத் தன் இருப்பைச் சொல்ல ஆரம்பித்தது. வாழ்நாளில் முதல்முறையாக எனக்குக் குமட்டியது. கையில் கிடைத்தது துணிப்பை ஒன்றுதான். சடையண்ணனின் இறப்புக் காரணம் எழுதக் கொண்டுபோன படிவங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. அவை வேறு விதத்தில் உபயோகப்பட்டன.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. தகவல் தெரிந்து தள்ளுவண்டியோடு தயாராக நின்ற ஊழியர்கள் ஓடி வந்தார்கள். முன்னால் ஒருவர் கம்பீரமாக இறங்குகிறார். பின்னால் ஒருத்தி முகம் வெளுத்து, தலைமுடியில் பலாப் பிசினோடு பழங்களின்மேல் சாய்ந்து கிடக்கிறாள். அவர்கள் நொடியில் ஒரு முடிவெடுத்து, என்னை அலாக்காகத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டுவிட்டார்கள். நான் கையை ஆட்டி ஆட்டி, "நான் இல்லப்பா, அவரு!" என்றேன். குரல் வெளியே வரவில்லை. சடையண்ணன் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தபடி, "பாவம், மொதல்ல அந்த அம்மணியப் பாருங்க சாமி. அவிங்களுக்கு வண்டி ஒத்துக்காது போலிருக்குது" என்று சிபாரிசு செய்தார்.

நல்ல வேளையாகப் பெரிய டாக்டரே வந்துவிட்டார். சடையண்ணனை உள்ளே கொண்டுபோனார்கள். பதிவு செய்கிற இடத்தில் அடுத்த கூத்து. அவர் பெயரைப் போட்டால் கணினி சிவப்பாக எழுத்துக் காட்டுகிறது. இறந்த தேதிக்குப் பிறகு நோயாளி வர முடியாதாம். "ஆள் உள்ளே இருக்காரும்மா" என்கிறேன். "சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது மேடம்" என்கிறாள் அங்கே உட்கார்ந்திருந்த பெண். தேன்மொழி மாடியிலிருந்து ஓடி வந்தாள். தன் கையால் அவரைச் சாகடித்தவள் தன் கையாலேயே பிழைக்க வைத்தாள். அப்புறம் ஆபரேஷனுக்கு முன்னால் அவரைப் போய்ப் பார்த்தாள். எப்படித் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவளை அவர் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்:

"சாப்டியா கண்ணு?"

"உங்களுக்காக அழுதனே, அதுக்கு என்ன பதில் சொல்றீங்க!" என்று கத்திவிட்டு அங்கேயே அழுதாள். அவர் கைகூப்பி, "இனிமேட்டுச் சாவமாட்டேன் கண்ணு" என்றார்.

கட்டி திரும்ப வரவில்லை. பழைய கட்டி இருந்த இடத்தில் தழும்பு இறுகி இறுகிக் குடலை நெரித்திருந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கும் என்று வெளியே வந்த பெரிய டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "நீங்க அங்க போகாம இருந்திருந்தா நம்ம கணக்குல என்னம்மா மாறியிருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் மாறியிருக்காது. சடையன், இறப்பு என்று ஏற்கெனவே பதிந்தாகிவிட்டது. அவர் மலைமேல் உண்மையாகவே இறந்து போயிருப்பார். தேதியில் மட்டும் கொஞ்சம் முன்பின். கோடு அழகாக ஒரு படி இறங்கியிருக்கும். நூறு பேர் உட்கார்ந்து சரிபார்த்தாலும் ஒரு பிழை கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தச் சரியான கணக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. பலாப்பழ வேனைவிட மோசமாகக் கலக்குகிறது.

உங்களுக்கு இப்போது எல்லாம் திரையில் வந்துவிடுகிறது. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கலர் கலராகக் கட்டங்கள். நன்றாகத்தான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. மஞ்சள் கட்டத்தில் 'தொடர்பு இல்லை' என்று ஒரு ஆள் வந்து நின்றால், அவருக்கு ஏன் மனசில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வழியாக வந்தார், யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், வழியில் என்ன ஆச்சு என்று கேளுங்கள். காற்றுப் பிரிகிறதா என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

சடையண்ணன் வீட்டுக்குக் கிளம்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அதே பலாப்பழ வேன் காலி வண்டியாக வாசலில் நின்றது. நல்லம்மா மூட்டையோடு முன்னால் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலும் நம் ஆட்கள் "போயிட்டு வரேன்" என்று சொல்ல மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். மறுபடி நோய் வந்து வர வேண்டியிருக்குமோ என்ற பயம். வார்டில் எல்லாரும் பேசாமல் தலையை ஆட்டிவிட்டுத்தான் போவார்கள். நானும் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி பேசாமல் நின்றேன். அவர் கதவுவரை போனவர் திரும்பினார். வளைவுக்கு வளைவு சத்தம் போட்டாரே, அதே தொண்டையில், "அம்மணி, போயிட்டு வாரனுங்க!" என்றார். படுத்திருந்தவர்கள் பாதிப் பேர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் ஒருத்தி, "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க தாத்தா" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

 மாதக்கணக்காகத் தேன்மொழியிடம் போனில் ஒப்புக்குச் சொல்லிவந்த 'வாரேன்' அது, இந்த முறை மனசாரச் சொன்னார்.

"வாங்கண்ணா" என்றேன்.